மெத்தைக் கம்பெனியின் பின்வாசல்

மெத்தைக் கம்பெனியில் அவளை நேரில் மேடம் என்பார்கள். முதுகு திரும்பியதும் நந்தி என்பார்கள். எந்த வேலையை எடுத்தாலும் குறுக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறாளாம். ஒருநாள் பேக்கிங் பக்கம் போகும்போது, "நந்தி வருது, மாஸ்க்கை மேல ஏத்து" என்று ஒருவன் கிசுகிசுத்தது அவள் காதிலேயே விழுந்தது. மாஸ்க் மூக்குக்கு ஏறியதா, ஏறியது. அதுவரைக்கும் லாபம் என்று கேட்காதவள் போல நடந்துவிட்டாள்.

அங்கே அவள் பாதுகாப்பு அதிகாரி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, ஒரு பெயின்ட் கம்பெனி லேபில் சில வருஷம் குப்பியும் குழாயுமாக இருந்துவிட்டு, பாதுகாப்புப் படிப்பு ஒன்றையும் முடித்து வந்தவள். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அதில் பாதி இடத்தை யாரும் போடாத ஹெல்மெட்டுகளும் யாரும் மாட்டாத கையுறைகளும் அடைத்துக்கொண்டிருந்தன. மீதி இடத்தில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, அவள். மாடியில் யாராவது ஏறி இறங்கினால் தலைக்கு மேல் தூசி உதிரும்.

தீயணைப்புக் கருவிகளை வாங்கிச் சுவரில் மாட்டினாள். மறுவாரம் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு சாப்பாட்டுப் பை தொங்கியது. கேட்டதற்கு, "சும்மாதானே மேடம் இருக்கு" என்றார்கள். மணல் வாளிகள் வைத்தாள். காகித டம்ளர் போட இவ்வளவு வசதியான இடம் இதுவரை இல்லையே என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொள்வாள். பொறுக்க முடியாதது மேனேஜரின் பதில்தான். எதைக் கொண்டுபோய்ச் சொன்னாலும் அந்த மனிதர் முகம் மலர்ந்து, "கண்டிப்பா பண்ணிடலாம்மா" என்பார். முடியாது என்று ஒரே ஒரு தடவை சொல்லித் தொலைத்தால் சண்டையாவது போடலாம். சுவரில் முட்டினால் வலிக்கும். இது மெத்தையில் முட்டுகிற மாதிரி. முட்டின இடம் தெரியாமல் பழையபடி உப்பி நிற்கும்.

"நீ சொல்றதைக் கேக்கிற ஒரே ஆள் இந்த உலகத்துல நான்தான்" என்பார் அவள் புருஷன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். "மூச்சைப் பிடிங்கன்னா பிடிக்கிறான், விடுங்கன்னா விடறான். எனக்குக் கிடைச்ச ஜனம் உனக்குக் கிடைக்கலை."

அவள் தூக்கத்தைக் கெடுத்தது ஹெல்மெட்டோ மணல் வாளியோ இல்லை, பின்வாசல்.

கம்பெனி நீளவாக்கில் இருந்தது. முன்னால் பேக்கிங். நடுவில் கட்டிங் ஹால். ஆள் உயரத்துக்கு ஃபோம் கட்டிகள் அடுக்கடுக்காக நிற்கும், வெட்டி எறிந்த துண்டும் தூளும் கணுக்கால் வரைக்கும் கிடக்கும். கடைசியில் தையல் ஹால். மெத்தை உறை தைக்கிற பெண்கள் வரிசை வரிசையாக மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வெளியே வருவதென்றால் ஃபோம் அடுக்குகளுக்கு நடுவே நெளிந்து முன்வாசலுக்கு வர வேண்டும். அல்லது தையல் ஹாலிலேயே இருக்கிற இரும்புக் கதவைத் திறந்துகொண்டு பின்பக்கம் போக வேண்டும். அந்தக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு.

ஃபோம் விறகு மாதிரி எரியாது. உருகி ஒழுகிக்கொண்டே எரியும். நெருப்பை விட மோசம் அதன் புகை. கன்னங்கரேல் என்று கூரையிலிருந்து இறங்கி வரும், நாலு மூச்சு உள்ளே போனால் கால் சொன்ன பேச்சு கேட்காது. இதை அவள் தையல் ஹாலில் நின்று விளக்கினாள். "இப்பதான் சாப்பிட்டு வந்தோம் மேடம், அப்புறமா பயமுறுத்துங்களேன்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். தையல் ஹாலுக்கு சூப்பர்வைசராக இருந்த, எல்லோரும் தையலக்கா என்று கூப்பிடுகிற அந்த உயரமான பெண்மணி மட்டும் சிரிக்காமல் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளும், "சரி சரி, மெஷினை ஓட்டுங்க" என்று கைதட்டினாள்.

இன்ஸ்பெக்டர் வருகிற சேதி எப்படியோ முந்தின நாளே கம்பெனிக்கு வந்துவிடும். அன்றைக்குச் சாப்பாட்டுப் பைகள் மறையும், வாளிகளில் புது மணல் விழும், நடைபாதைக்கு மஞ்சள் கோடு இழுப்பார்கள். பின்கதவின் பூட்டு காணாமல் போய், "அவசர வழி" என்று ஒரு பலகை முளைக்கும். ஒரு தடவை கோடு காய்வதற்குள் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். அவர் ஷூவில் பெயின்ட் ஒட்டிக்கொண்டு, தையல் ஹாலிலிருந்து மேனேஜர் அறை வரைக்கும் மஞ்சளாக ஒரு தடம் விழுந்தது. அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து மேனேஜரைப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு, துணி வாங்கித் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை கதவில் பூட்டு பழையபடி தொங்கியது.

சாவி ஸ்டோர்காரரிடம் இருந்தது. ஸ்டோர்காரர் வேறு யாருமில்லை, அவளுடைய அக்கா புருஷன். கம்பெனியில் அவரை அவள் சார் என்பாள், வீட்டில் அத்தான். இந்த வேலையை முதலாளியிடம் சொல்லி வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அதனால் அவரிடம் போய்க் கேட்பதற்கு அவளுக்கு நாக்கு புரளவில்லை. இருந்தாலும் போனாள்.

"சார், அந்தக் கதவைப் பூட்டக்கூடாது. சட்டம் அது. உள்ள ஆள் இருக்கிற வரைக்கும் திறந்தே இருக்கணும்."

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வீட்டுக் குரலுக்கு வந்தார். "உனக்குத் தெரியாததாம்மா? துணி ரோல் காணாமப் போச்சே, மறந்துட்டியா?"

அவள் மறக்கவில்லை. சில வருஷத்துக்கு முன்னால் அந்தப் பின்வாசல் வழியாகத்தான் துணி ரோல்கள் போயின. சந்தேகம் ஸ்டோர்காரர் மேல் விழுந்தது. கம்பெனி ஆட்கள் வீட்டுக்கே வந்து, பீரோவைத் திறந்து, அக்காவின் புடவைகளைக் கட்டிலில் விசிறி, கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். எதிர்வீட்டு ஜன்னலெல்லாம் தலை. கடைசியில் எடுத்தது ஒரு லாரி டிரைவர் என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தான் அன்றிலிருந்து சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து இறக்குவதில்லை.

"தீ வந்தாலும் வரும், வராமலும் போகும்" என்றார் அவர். "திருட்டு வந்தா நேரா என் வீட்டுக்குத்தான் வரும். நீ போம்மா."

அன்றைக்குச் சாயங்காலமே அக்கா போன் செய்தாள். "அவர் வாங்கிக் குடுத்த நாற்காலில உக்காந்துக்கிட்டு அவரையே கேள்வி கேக்கறியாமே. நல்லா இருக்குடி."

யாரையும் நோகடிக்காமல் இதை முடித்துவிட வேண்டும் என்று அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற, வெளியேயிருந்து திறக்க முடியாத பூட்டுப் பட்டை இருக்கிறது. கதவின் குறுக்கே படுத்த மாதிரி இருக்கும். இடுப்பால் இடித்தாலே திறந்துகொள்ளும். கூடவே ஒரு மணி, கதவு திறந்தால் ஹால் முழுக்க அலறும். திருடனுக்கு ஆகாது, தீக்கு ஆகும். மேனேஜர் கண்டிப்பாகப் பண்ணிடலாம் என்றார். மழைக்காலம் தொடங்கி, பெய்து, ஓய்ந்தது. அவள் கால் தேய நடந்து, கடைசியில் ஒருநாள் பட்டை வந்து சேர்ந்தது. மாட்டியபோது அத்தானே பக்கத்தில் நின்று தள்ளிப் பார்த்து, மணியடித்ததும் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, அதைக்கூடத் தன் வெற்றியில் சேர்த்துக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷம் அற்பாயுசு. போன் பேச ஒருத்தி கதவைத் திறப்பாள், மணி அடிக்கும். காற்று வாங்க இன்னொருத்தி திறப்பாள், அடிக்கும். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் மணியின் வாயில் ஃபோம் துண்டு திணித்து டேப் ஒட்டியிருந்தது.

"யாருக்கா இது?" என்று தையலக்காவிடம் கேட்டாள்.

"நான்தான் மேடம்." தையலக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். "நாள் பூரா தலைக்குள்ள அடிக்குது. நீங்க கீழ ரூம்ல இருக்கீங்க, உங்களுக்கென்ன."

"அப்ப பொண்ணுங்க வெளிய போகாம நீங்க பாத்துக்கணும்."

"காத்தில்லாத ஹால்ல அதுங்களை உக்கார வெச்சுட்டு, போகாதேன்னு எந்த வாயால சொல்றது? முதல்ல ஃபேனுக்குச் சொல்லுங்க."

ஃபேனுக்கும் சொல்லித்தான் வைத்திருந்தாள். அதையும் மேனேஜர் கண்டிப்பாகப் பண்ணுவதாக இருந்தார்.

அந்த மாதம் தைத்து வைத்த உறைக்கட்டு ஒன்று குறைந்தது. எண்ணிக்கையில் தவறா, எடுத்தார்களா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. மேனேஜர் தாமே நின்று பட்டையைச் சுற்றி இரும்புச் சங்கிலி போடச் சொன்னார், உள்பக்கமாக. பூட்டினார்கள். சாவி அத்தானின் கொத்தில் சேர்ந்தது. "தள்ளவும்" என்று எழுதியிருந்த எழுத்துக்கு மேலேயே சங்கிலி ஓடியது. அவள் அதன் முன்னால் நின்று, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், கடைசியில் சிரித்துவிட்டாள். தையல் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

இந்த நேரத்தில்தான் பெரிய ஆர்டர் வந்தது. ஏகப்பட்ட ஹோட்டல்கள் வைத்திருக்கிற நிறுவனம். எங்கள் மெத்தை எங்கே தயாராகிறதோ அங்கே தொழிலாளிகளுக்குப் பாதுகாப்பு இருக்க வேண்டும், அவசர வழிகள் திறந்திருக்கின்றன என்று பாதுகாப்பு அதிகாரி கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்றது. மேனேஜர் தாளை நீட்டினார். அவள் பேனாவைத் தொடவில்லை.

"சங்கிலியை எடுங்க சார், போடறேன்."

மேனேஜர் முதல் தடவையாகப் பண்ணிடலாம் என்று சொல்லவில்லை. முதலாளியிடம் போனார்.

முதலாளி சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. அவளை உட்காரவைத்து, டீ வரவழைத்து, வீட்டில் எல்லோரையும் விசாரித்தார். "உன் அத்தான் இந்தக் கம்பெனியோடயே வளந்தவர். நீயும் எங்களுக்கு வேத்து ஆள் இல்ல" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "இந்த ஆர்டர் கைவிட்டுப் போனா தையல் ஹால்ல பாதிப் பேரை நிறுத்தணும். யார் யாரை நிறுத்தறதுன்னு நீயே போய்ச் சொல்லிடும்மா. என்னால அது ஆகாது" என்றார்.

அவள் டீயைக் கீழே வைத்தாள். "நான் கேக்கறது ஒரு சங்கிலி சார்."

"எடுத்துடுவோம். இப்பவே எடுத்துடுவோம்."

அப்போதே எடுத்தார்கள். அவள் கண்ணெதிரில் அத்தான் பூட்டைத் திறந்தார். மணியின் வாயிலிருந்து ஃபோமைப் பிடுங்கினார்கள். பட்டையைத் தள்ளிப் பார்த்தாள், திறந்தது. வெளியே வெயிலும் புல்லும் தெரிந்தன. உள்ளே வந்து கையெழுத்துப் போட்டாள். அந்தச் சங்கிலியைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டு வீட்டுக்கே எடுத்துப் போனாள். "எந்த மாட்டைக் கட்டப் போற?" என்றார் புருஷன்.

அடுத்த வாரம் கதவில் புதுச் சங்கிலி. பழையதை விடத் தடிமன்.

அன்றைக்கு அவள் யாரிடமும் கத்தவில்லை. மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்து ஹோட்டல் நிறுவனத்துக்கும் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கும் எழுதினாள்: நான் கையெழுத்துப் போட்ட நாளில் வாசல் திறந்திருந்தது, இப்போது இல்லை. எழுதி முடித்ததும் பாதிப் பேரை நிறுத்த வேண்டும் என்றது நினைவுக்கு வந்தது. அக்கா நினைவுக்கு வந்தாள். மகளின் காலேஜ் ஃபீஸ் நினைவுக்கு வந்தது. நாளைக்கு அனுப்பலாம் என்று வைத்தாள். நாளை மறுநாளானது. மேனேஜரை எதற்காக மனசுக்குள் கரித்துக்கொட்டினாளோ அதே காரியத்தைத்தான் தானும் செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன, கடிதம் பைக்குள் கசங்கிக்கொண்டே இருந்தது.

தீப்பிடித்த அன்று மத்தியானம் அவள் தையல் ஹாலில்தான் இருந்தாள். ஊசி விரலில் ஏறாமல் தடுக்கிற சின்னத் தகட்டை யாரோ மெஷினிலிருந்து கழற்றிவிட்டார்கள் என்று தையலக்காவோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். கட்டிங் ஹாலில் அலமாரியின் கால் உடைந்து போனது, அதை ஒட்டவைக்க வெல்டரைக் கூப்பிட்டது, எதுவும் அவளுக்குத் தெரியாது. ஃபோம் இருக்கிற இடத்தில் வெல்டிங் வைக்கக்கூடாது, வைப்பதானால் தன்னைக் கேட்க வேண்டும் என்று நூறு தடவை சொல்லியிருந்தாள். கேட்டால் நந்தி குறுக்கே உட்காருவாள், அவள் அந்தப் பக்கம் போயிருக்கும்போதே முடித்துவிடலாம் என்று மேனேஜர் நினைத்தாராம். பிற்பாடு வெல்டர் சொன்னான்.

பொறி தூளில் விழுந்தது. கட்டிங் ஆட்கள் முன்வாசல் பக்கம் ஓடித் தப்பிவிட்டார்கள். தையல் ஹாலுக்கு முதலில் வந்தது வாடை. பிளாஸ்டிக் தீயும் வாடை. அடுத்து கூரையோடு ஒட்டிக்கொண்டு புகை. யாரோ வீல் என்று கத்தினார்கள். முன்னால் போக வழியில்லை. எல்லோரும் பின்கதவில் போய் மோதினார்கள். பட்டை இறங்கியது, கதவும் அசைந்தது, ஒரு கை நுழைகிற அளவுக்குத் திறந்து சங்கிலியில் மாட்டி நின்றது.

"உக்காருங்க. எல்லாரும் தரையோட உக்காருங்க. மூக்கைத் துணியால பொத்துங்க." அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. அந்த ஒரு நாள்தான் அந்த ஹாலில் அவள் சொன்னதை எல்லோரும் மறுபேச்சில்லாமல் கேட்டார்கள். குடிதண்ணீரைத் துணிக்கட்டில் கொட்டி நனைத்துக் கிழித்தாள். கதவு இடுக்கில் காற்று வந்தது. மாற்றி மாற்றி அங்கே முகத்தை வைத்தார்கள். ஒருத்தி வைத்துவிட்டு எடுக்க மாட்டேன் என்றாள், பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

தையலக்கா ஆட்களைப் பார்த்துவிட்டு, "புதுசா சேந்ததே, அந்தப் பொண்ணு எங்க?" என்றாள். அந்தப் பெண் கடைசி மெஷினுக்கு அடியில் முடங்கிக்கொண்டு வெளியே வர மறுத்தாள். தையலக்கா புகைக்குள் திரும்பிப் போனாள். இவள் தடுக்கக் கை நீட்டினாள், முந்தானை நுனிதான் கையில் பட்டது.

அத்தான் முன்பக்கம் லாரியில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தவர், கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். இடுக்கு வழியாக அவர் முகம் பாதி தெரிந்தது. பூட்டு உள்பக்கம். அவர் கையை உள்ளே விட்டுத் துழாவினார், எட்டவில்லை.

"அத்தான், கீழ. இன்னும் கீழ" என்றாள். கம்பெனிக்குள் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "எட்டாது. சாவியை என்கிட்ட குடுங்க."

கொத்து உள்ளே வந்தது. அதில் எல்லாச் சாவியும் ஒரே மாதிரி இருந்தன. "கறுப்பு நூல் கட்டினது, கறுப்பு நூல்" என்று அவர் வெளியே அழுதுகொண்டே சொல்கிறார். உள்ளே எல்லாமே கறுப்பாகத்தான் இருக்கிறது. அவள் நூலைக் கண்ணால் தேடுவதை விட்டு விரலால் தேடினாள். கிடைத்தது. பூட்டு திறந்து சங்கிலி சரிந்ததும் கதவு எல்லோருடைய எடையோடும் வெளியே பிய்த்துக்கொண்டு போனது. விழுந்தவர்கள் மேல் விழுந்து, புல்லில் இருமிக்கொண்டு கிடந்தார்கள். கடைசியாகத் தையலக்கா அந்தப் பெண்ணை முதுகில் அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். பெண் நடந்தாள். தையலக்கா வாசலைத் தாண்டி இரண்டு எட்டு வைத்து மடங்கினாள்.

யாரும் சாகவில்லை. கட்டிங் ஹாலின் கூரை உட்கார்ந்துவிட்டது. பல பேர் சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். தையலக்கா திரும்ப ரொம்ப நாள் ஆனது; திரும்பியும் நுரையீரல் பழைய நுரையீரல் இல்லை.

விசாரணை வைத்தார்கள். அதற்கு முன்னால் மேனேஜர் அவள் வீட்டுக்கு வந்தார், கையில் பழப்பையோடு. "உங்க கையெழுத்து இருக்கும்மா, வாசல் திறந்திருக்குன்னு. அதையே சொல்லுங்க. அப்புறம் பூட்டினது ஸ்டோர் ஆளு, உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லாருக்கும் நல்லது."

அவர் போன தடம் மறைவதற்குள் அக்கா வந்தாள். உட்காரவில்லை. "சாவி அவர்கிட்ட இருந்துச்சுன்னு மட்டும் சொல்லாதே. மேனேஜர் பூட்டினார்னு சொல்லு, உண்மைதானே அது. இத்தனை வருஷம் கழிச்சு அவரைத் தெருவுல நிறுத்தாதே. நான் உன் காலைப் பிடிக்கணுமா?"

இரண்டு பேரும் அவளிடம் பொய் சொல்லச் சொல்லவில்லை, பாதியைச் சொல்லச் சொன்னார்கள். பாதியைத்தான் இத்தனை வருஷமும் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலில் அக்காவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கக்கூடத் தோன்றவில்லை.

விசாரணை அறையில் அத்தான் சுவரோரம் உட்கார்ந்து கைகளை முட்டிமேல் வைத்திருந்தார். மேனேஜர் அவளுக்கு முன்பே தம் பதிலைச் சொல்லி முடித்திருந்தார்.

"சங்கிலி இருந்தது உங்களுக்குத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியும்."

"யார் போடச் சொன்னது?"

"மேனேஜர். சாவி ஸ்டோர்ல இருந்துச்சு. நான் கையெழுத்துப் போட்ட அடுத்த வாரம் திரும்பப் போட்டாங்க. அதுவும் எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் எங்களுக்கு எழுதலை?"

"எழுதினேன் சார். அனுப்பலை."

அதிகாரி பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தார். ஏன் என்று அவர் கேட்பார், பாதிப் பேரின் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. "சரி" என்று எழுதிக்கொண்டார்.

கம்பெனிக்கு அபராதம் விதித்தார்கள், கட்டிவிட்டார்கள். மேனேஜர் மேல் வழக்கு இருக்கிறது, வாய்தா வாய்தாவாகப் போகிறது; இதற்குள் முதலாளி அவரைத் தம்முடைய இன்னொரு கம்பெனிக்கு மாற்றிவிட்டார். அத்தானை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்கள். பாதுகாப்பு அதிகாரி இல்லாமல் கம்பெனியைத் திறக்கச் சட்டம் விடாது, எரிந்த கம்பெனிக்கு வேறு யாரும் வரவும் இல்லை. வேண்டாம் என்று எறிந்துவிட்டுப் போகத்தான் அவளுக்கு ஆசை. புதுக் கூரை போடும்போது வாசலை எங்கே வைப்பார்கள் என்ற கவலை இழுத்துக்கொண்டு வந்தது. இப்போது தையல் ஹாலில் இரண்டு பக்கமும் அகல வாசல், கதவே இல்லை, ஒரு காவலாள் உட்கார்ந்திருக்கிறார். இவ்வளவு சுலபமான காரியம் என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கா இன்னும் பேசுவதில்லை. அத்தான் மட்டும் ஒரு தடவை கடைத்தெருவில் எதிர்ப்பட்டார். "நல்லா இருக்கியாம்மா?" என்றார். அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், "அக்கா பாத்தா வம்பு" என்று நகர்ந்துவிட்டார்.

தையலக்காவுக்கு நஷ்டஈடு வாங்கித் தருவதற்காக அவளேதான் அலைந்தாள். மூச்சுத்திணறல் புகையால் வந்ததா, முன்னாலேயே இருந்ததா என்று மருத்துவக் குழு கேட்டது. புகைபிடிப்பீர்களா என்றார்கள், வீட்டில் விறகடுப்பா என்றார்கள், ஊதச் சொன்னார்கள். ஊத முடிந்தால் அவள் ஏன் இங்கே வரப்போகிறாள் என்று இவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. குழுவின் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சில் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். தையலக்கா ஒவ்வொரு நாலு வார்த்தைக்கும் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"நீங்க அன்னைக்குக் கையெழுத்துப் போடாம இருந்திருந்தா ஆர்டர் போயிருக்கும். என் வேலையும் போயிருக்கும். மூச்சு இருந்திருக்கும்." கொஞ்சம் இளைப்பாறினாள். "எது தேவலைன்னு வீட்ல உக்காந்து யோசிக்கிறேன் மேடம். வேற வேலை இல்லையே."

"என் மேல கோவமாக்கா?"

"கோவம்தான். மணியை அடைச்சது நான், அதுவும் ஞாபகம் வருது. உங்களைத் திட்டினா பாதியில அது வந்து நிக்குது. முழுசா திட்ட முடியலை."

உள்ளே கூப்பிட்டார்கள். குழு பாதிப்பை ஒப்புக்கொண்டது, பாதியளவுக்கு. மீதிப் பாதி அவளுடைய சொந்த உடம்பின் பலவீனமாம். இவள் அங்கேயே வாதாடினாள். மேல்முறையீடு செய்துகொள்ளலாம், அதற்கான ஃபாரம் கீழ்த்தளத்தில் கிடைக்கும், கவுன்டர் இன்றைக்கு மூடிவிட்டார்கள் என்றார்கள்.

"நாளைக்கு வரலாம்" என்றாள் தையலக்கா.

"நீங்க வர வேணாம். நான் வந்துக்கறேன்."

படியில் தையலக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் நின்றாள். பின்னால் வந்தவர்கள் சலித்துக்கொண்டு சுற்றிப் போனார்கள். ஒருவர் "கொஞ்சம் ஓரமா போங்கம்மா" என்றார். இவள் திரும்பி அவரை முறைத்தாள். தையலக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து, "விடுங்க, அவருக்கு என்ன தெரியும்" என்றாள். இரண்டு பேரும் ஓரமாக ஒதுங்கி, மூச்சு திரும்பும் வரைக்கும் நின்றார்கள்.